பெட்டி படியேறும் முன்: வீட்டில் பேயிங் கெஸ்ட் வைக்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், மாடி அறை பூட்டியே கிடக்கிறது, பக்கத்திலேயே ஐடி கம்பெனிகள். கேட்டில் டு-லெட் அட்டையைத் தொங்கவிட்ட மறுநாளே நாலு பேர் வந்து பெல் அடிக்கிறார்கள். சென்னையில் வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் பக்கம் பல வீடுகளில் பேயிங் கெஸ்ட் வைப்பது இப்படித்தான் தொடங்குகிறது. வந்தவரிடம் கேட்கும் கேள்விகளும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த ஊர், சைவமா அசைவமா, கல்யாணம் ஆகிவிட்டதா. சுற்றி வளைத்து ‘என்ன ஆளுங்க’ என்பதும் வந்துவிடும். பதில் மனசுக்குப் பிடித்துவிட்டால் அன்று சாயங்காலமே சாவி கைமாறிவிடும்.

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட உங்களுக்குப் பாதுகாப்பு தராது. சாதியும் சாப்பாடும் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக நினைப்பதுதான் இதில் முதல் ஆபத்து. தெரிய வேண்டியவை மூன்று. சொல்லும் பெயர் அவருடையதுதானா? சொல்லும் இடத்தில் வேலை பார்க்கிறாரா, படிக்கிறாரா? இதற்கு முன் இருந்த வீட்டிலிருந்து எப்படிக் கிளம்பினார்? மூன்றையும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பெட்டி உள்ளே வந்த பிறகு ‘ஆதாரைக் காட்டு’ என்று கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். காட்ட அவருக்கும் அவசரம் இருக்காது.

ஆள் வருவதற்கு முன்பே வரும் மோசடி

அறையை இணையத்தில் விளம்பரப்படுத்தினால் முதலில் வரும் அழைப்புகளில் ஒன்று இப்படி இருக்கக்கூடும். தன்னை ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ இருப்பவர் என்று சொல்வார். சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன், அறையை நேரில் பார்க்க நேரமில்லை, போட்டோ போதும், அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன் என்பார். சீருடையில் ஒரு படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும்: ‘இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, உங்க அக்கவுண்டுக்குப் பணம் வந்துடும்.’ பணம் போவது உங்கள் கணக்கிலிருந்து. யுபிஐயில் பணம் பெற எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் போட்டுப் பணம் கொடுக்கத்தான் முடியும், வாங்க முடியாது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அறையை நேரில் பார்க்காத யாருக்கும் அறை இல்லை என்று ஒரே விதி வைத்துக்கொண்டால் இந்த வகை முழுவதும் ஒழிந்துவிடும்.

ஆதாரை எப்படிப் பார்ப்பது

ஜெராக்ஸ் வாங்கிக் கோப்பில் வைப்பதைச் சரிபார்ப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஜெராக்ஸில் பெயரையும் படத்தையும் மாற்றி அச்சடிப்பது தெருமுனைக் கடையிலேயே நடக்கிற வேலை. மாற்ற முடியாதது கார்டில் இருக்கும் கியூஆர் கோடு. அதற்குள் இருக்கும் விவரத்தில் ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது.

அசல் கார்டையோ, பிவிசி அட்டையையோ, டவுன்லோடு செய்த இ-ஆதாரையோ கொண்டுவரச் சொல்லுங்கள். ஆதார் ஆணையத்தின் சொந்தச் செயலியை உங்கள் போனில் போட்டு, உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அவர் தன் போனில் ஸ்கேன் செய்து காட்டுவது கணக்கில் சேராது. சாதாரண ஸ்கேனரில் பார்த்தால் நீளமான எண்வரிசை மட்டும் தெரியும். அதைக் கண்டு கார்டே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். ஆணையத்தின் செயலியில் பெயர், பிறந்த தேதி, முகவரி, சிறிய படம் ஆகியவை வரும். அந்தப் படத்தையும் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் பாருங்கள். பிறகு கார்டில் அச்சாகியிருக்கும் படத்தைப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். போலி பிடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: அச்சில் ஒருவர் இருப்பார், கோடுக்குள் வேறொருவர் இருப்பார். பழைய அட்டைகள் சிலவற்றில் கோடு சிறியது, அதில் படம் வராது. அப்படியானால் புதிய இ-ஆதாரை அங்கேயே டவுன்லோடு செய்யச் சொல்லலாம். அதற்கு ஓடிபி அவருடைய பதிவு எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அதுவே இன்னொரு சோதனை ஆகிவிடுகிறது.

நீங்கள் வைத்துக்கொள்ளும் பிரதியில் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்திருந்தால் போதும். அவருடைய அடையாளத்தைப் பத்திரமாக வைப்பதும் உங்கள் பொறுப்பு. சாப்பாட்டு மேசை டிராயரில் போட்டுவைக்க வேண்டாம்.

வேலை, பழைய ஓனர்

ஆஃபர் லெட்டரில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். லெட்டர் போலியாக இருந்தால் அந்த எண்ணும் அவர்கள் ஆள்தான். கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் அங்கே உள்ள பொது எண்ணை எடுங்கள். இதைவிட எளிது, அவருடைய அலுவலக மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்வது. உண்மையில் வேலை பார்ப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. படிப்பவராக இருந்தால் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழும், பெற்றோரிடம் ஒரு போன் பேச்சும்.

பழைய ஓனரிடம் பேசும்போது ‘பையன் எப்படி?’ என்று கேட்டால் ‘தங்கமான பையன்’ என்றுதான் பதில் வரும், அது ஓனராக நடிக்கும் நண்பனாக இருந்தாலும். ஓனருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடியதைக் கேளுங்கள். எந்த மாடி, ஈபி எப்படிப் பிரித்தீர்கள், எந்தத் தேதியில் வாடகை வரும், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்துக்கொண்டு கொடுத்தீர்கள். ஒரு விவரத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒன்பதாயிரம் கொடுத்ததாகச் சொல்லியிருந்தால், ‘மாசம் ஏழாயிரம்தான் வாங்குனீங்களாமே’ என்று போடுங்கள். உண்மையான ஓனர் உடனே திருத்துவார், கொஞ்சம் கோபத்தோடுகூட. நண்பன் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்பான்.

போலீஸ் படிவம்

2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு சென்னை மாநகரக் காவல் ஆணையர், வாடகைக்கு விடுகிற ஓனர்கள் தங்கியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இத்தகைய உத்தரவுகள் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ் வந்தன; 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. உங்கள் பகுதியில் இப்போது நடப்பிலுள்ள உத்தரவு என்ன, எந்தப் படிவம் என்பதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டு வேலைகள் இங்கே வேறு வேறு. நிலையத்தில் படிவம் கொடுப்பது தகவல் தெரிவிப்பு மட்டுமே; அதைக் கொடுத்ததால் அவருடைய பின்னணியை யாரும் விசாரித்துவிட்டதாக ஆகாது. விசாரிக்க வேண்டுமானால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கென்று கட்டணச் சேவை இருக்கிறது. அதில் விண்ணப்பிக்க அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் கவனியுங்கள். படிவம் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

வெளிநாட்டவராக இருந்தால் விதி தனி. அவர் வந்து 24 மணி நேரத்துக்குள், பல காலமாக ‘சி படிவம்’ என்று அழைக்கப்படும் தகவலை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாக அனுப்ப வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. காசு வாங்காமல் தங்கவைத்தாலும் இந்தக் கடமை உண்டு. நண்பரின் நண்பர்தானே என்று விட்டுவிட்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

எழுதிக்கொள்ளும் காகிதம்

பேயிங் கெஸ்ட்டுக்கும் குடித்தனக்காரருக்கும் சட்டத்தில் தூரம் அதிகம். அனுமதியோடு இருப்பவர் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும் லைசென்ஸ்காரர். குடித்தனக்காரருக்கு அந்த இடத்தில் சொந்தமாக ஓர் உரிமை பிறந்துவிடுகிறது. எது என்பதைக் காகிதத்தின் தலைப்பு தீர்மானிக்காது. 1959இல் உச்ச நீதிமன்றம் ஓட்டல் அறைகள் சம்பந்தப்பட்ட கபூர் வழக்கில் சொன்னதன் சாரம் இது: மற்ற யாரையும் விலக்கி அந்த இடத்தைத் தன் வசம் வைத்திருக்கிறாரா என்பது பெரிய அடையாளம். தனி வாசல், தனிச் சமையலறை, தனிப் பூட்டு கொடுத்துவிட்டு, சாவியின் நகல் ஒன்றுகூட உங்களிடம் இல்லாமல், வருஷக்கணக்கில் வாடகை என்று எழுதி ரசீது கொடுத்தால், மேலே ‘பேயிங் கெஸ்ட் ஒப்பந்தம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தும் பயனில்லை.

ஆகவே நடைமுறையும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும். அறை என்பதற்குப் பதிலாகத் தங்கும் வசதி, சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்ந்த சேவை என்று எழுதுங்கள். வாரம் ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே வந்து சுத்தம் செய்யும் உரிமை, ஒரு சாவி உங்களிடம் இருப்பது, தேவைப்பட்டால் வேறு அறைக்கு மாற்றுவது, இரு பக்கமும் 30 நாள் நோட்டீஸ் ஆகியவற்றைச் சேருங்கள். எழுதியதை நடைமுறையிலும் செய்யுங்கள். வீட்டில் ஒரு பகுதியை முழுசாக வாடகைக்கு விடுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், பேயிங் கெஸ்ட் என்று சுற்றிவளைக்காமல், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். 11 மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. 2017 சட்டத்தில் அது செல்லாது.

பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து விடுதி போல நடத்தும் எண்ணம் இருந்தால் நிற்கவும். அதற்கு 2014ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மறைகேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு சென்னையில் இந்தக் கெடுபிடி அதிகம்.

உங்கள் முகவரி என்ற சொத்து

நகை, பணம் என்று எல்லோரும் யோசிப்பார்கள். உண்மையில் வெளியார் உங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போகக்கூடிய மதிப்புள்ள பொருள் உங்கள் முகவரி. ஒப்பந்த நகலும் ஈபி கார்டு நகலும் கையில் இருந்தால் அந்த முகவரியில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், சிம் வாங்கலாம், ஜிஎஸ்டி பதிவுக்கே விண்ணப்பிக்கலாம். பொய்க் கம்பெனிக்கு உங்கள் மாடி அறை தலைமை அலுவலகமாக இருப்பது, வரித்துறை நோட்டீஸ் வந்த அன்றுதான் உங்களுக்குத் தெரியவரும்.

எனவே ஈபி ரசீது, சொத்து வரி ரசீது, பத்திரம் ஆகியவற்றின் நகலைக் கொடுக்காதீர்கள். ‘இந்த முகவரியைத் தொழில் பதிவுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். கொடுக்கும் ஒப்பந்த நகலின் குறுக்கே ‘தங்கும் சான்றுக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். வேறு பெயர்களுக்கு வரும் பார்சலையும் வங்கித் தபாலையும் வாங்காதீர்கள்; ‘இப்படி யாரும் இல்லை’ என்று திருப்பி அனுப்புங்கள். ஒருவர் பெயருக்கே நாலு வங்கியிலிருந்து ஏடிஎம் கார்டு வந்தால் அது வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வேலையாக இருக்கலாம்.

வைஃபையும் இதே கதை. இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் அதன் வழியே செய்த காரியத்துக்குப் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில். ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். அறையில் ஆன்டெனா வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியும், கத்தை கத்தையாக சிம்களும் தெரிந்தால் அது வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சிம் பாக்ஸாக இருக்கலாம். தொடாமல் 100க்குச் சொல்லுங்கள்.

அறையைத் தயார் செய்தல்

வீட்டுக்குள்ளிருந்து அறைக்குப் போகும் கதவு இருந்தால் தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கட்டும். நகை, பத்திரம், கையெழுத்துப் போட்ட காசோலை எல்லாம் வங்கி லாக்கருக்குப் போக வேண்டும். வயதானவர்கள் ஏடிஎம் பின்னை பர்ஸில் எழுதி வைத்திருப்பார்கள். முதலில் அதைக் கிழியுங்கள். போனில் ஓடிபி பூட்டுத் திரையிலேயே தெரியாதபடி மாற்றுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், வீட்டில் தங்கியிருப்பவரே திருடினால் இழப்பீடு உண்டா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டு என்று கணக்கு.

கேமரா வாசல், மாடிப்படி, கேட் ஆகிய இடங்களில் வைக்கலாம், வந்தவரிடம் சொல்லிவிட்டு. அறைக்குள்ளும் குளியலறை பக்கமும் கூடவே கூடாது. அது உங்களையே குற்றவாளி ஆக்கும்.

மின்சாரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 1,380 வாட். பேயிங் கெஸ்ட் முதல் மாதத்திலேயே வாங்கும் கெட்டிலும், வெந்நீர் ராடும் 1,500 வாட். சாக்கெட் முதல் நாள் எரியாது. மெல்லச் சூடாகி, பிளாஸ்டிக் பழுத்து, ஒருநாள் கருகும். 16 ஆம்பியர் பிளக் ஒன்று தனி வயரோடு போட்டு, அதில் மட்டும் என்று சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத பழைய வீட்டில் முதலில் அதைப் போடுங்கள். அறைக்குள் இன்டக்‌ஷன் அடுப்புக்கும் சின்ன கேஸ் அடுப்புக்கும் இடமே தராதீர்கள்.

ஏசி இருந்தால் அந்த அறையின் யூனிட்டைத் தனியாகக் காட்டும் சப் மீட்டர் வேண்டும். ஒன்றரை டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் தோராயமாகப் பத்து யூனிட், இரண்டு மாதத்தில் அறுநூறு. தமிழ்நாட்டுக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழே இருக்கும் யூனிட்டுக்கும் ரேட் மாறுகிறது. உங்கள் சொந்த உபயோகத்துக்கும் சேர்த்து அதிகம் கட்ட வேண்டிவரும். ‘கரண்டுக்கு ஐந்நூறு சேர்த்துக் குடுத்துடுங்க’ என்று சொன்ன ஓனர்கள் மே மாதப் பில்லைப் பார்த்துத்தான் சண்டையைத் தொடங்குகிறார்கள்.

பணம்

அட்வான்ஸ் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. பெரிய தொகை பாதுகாப்பு என்று தோன்றும். அது செலவாகிவிட்டால் பிடிக்காத ஆளை அனுப்பவே உங்களால் முடியாது, திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்காது. வாடகையை வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள், அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து. வேறு வேறு பெயர்களிலிருந்து மாதாமாதம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பணமாக நீட்டி, பேரம் பேசாமல், இன்றே வருகிறேன் என்பவரை நல்ல வாடிக்கையாளர் என்று எண்ண வேண்டாம். சம்பளக்காரர்கள் எச்ஆர்ஏ எனும் வீட்டு வாடகைப் படிக்கான வரிச் சலுகைக்கு உங்கள் பான் எண்ணைக் கேட்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது அவர்களுக்குக் கட்டாயம். வருமானத்தைக் கணக்கில் காட்ட மனமில்லாதவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளட்டும்.

கெட்டுப்போனால்

வாடகை நின்றுவிட்டது, அல்லது நாலு பேர் வந்து தங்குகிறார்கள். அந்தக் கோபத்தில் செய்யக் கூடாதவை: தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் தெருவில் வைப்பது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 2017 சட்டமே சொல்கிறது. அவர் தன்னைக் குடித்தனக்காரர் என்று வாதாடினால் நீங்கள்தான் தப்பு செய்தவராக நிற்பீர்கள். பெட்டியில் ஒரு லேப்டாப் இருந்தது, காணோம் என்றால் முடிந்தது.

முதலில் எழுத்தில் நோட்டீஸ்: வாட்ஸ்அப்பில் ஒன்று, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று. தேதி கடந்தும் போகாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பணத் தகராறு சிவில் விவகாரம் என்று அவர்கள் திருப்பி அனுப்பக்கூடும். மிரட்டல், அத்துமீறல் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். சொல்லாமல் போய்விட்டு சாமான்களை விட்டிருந்தால், இரண்டு சாட்சிகளை வைத்துக் கதவைத் திறந்து, வீடியோ எடுத்து, பட்டியல் போட்டு, ஒரே பெட்டியில் கட்டி வையுங்கள். கஞ்சாவோ மாத்திரை அட்டைகளோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் அறையைப் பூட்டி உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள். தெரிந்தே இடத்தை அதற்கு விட்டவரையும் 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 25ஆம் பிரிவு தண்டிக்கிறது. கண்ட பிறகு பேசாமல் இருப்பதுதான் பின்னால் ‘தெரிந்தே’ என்று ஆகும்.

நல்லபடியாகக் காலி செய்து போகிறவரிடமும் கணக்கு முடிக்கும் வேலை இருக்கிறது. சாவிகளை எண்ணி வாங்குங்கள். இருந்தாலும் பூட்டின் சிலிண்டரை மாற்றிவிடுங்கள், சாவிக்கு நகல் எடுக்கப் பத்து நிமிடம் போதும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆதாரில் உங்கள் முகவரியைச் சேர்த்திருந்தால் புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி அட்வான்ஸில் கடைசி ஆயிரம் ரூபாயை அதுவரை நிறுத்திவைக்கலாம், முன்பே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். காவல் நிலையத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் ‘இன்ன தேதியில் போய்விட்டார்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அதிலும் முத்திரை வாங்குங்கள்.